ஆட்டுக்கறிக் கடைக்காரன் மகன் சைவமாம்

அன்பு மகன் காசிமுக்கு,

உன் மீதும் உன் வீட்டார் மீதும் இறைவன் சாந்தியைப் பொழியட்டும். இதை முழு மனதோடு சொல்லிவிட்டேன். இனி நான் கோபப்படலாம். மருமகள் ஹசீனாவும் பேத்தி சமீராவும் இங்கிருந்து உன்னிடம் மான்செஸ்டர் வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. இந்த ஆறு நாளும் நீ போன் செய்யும்போதெல்லாம் மழையைப் பற்றியும் பாசார் வியாபாரத்தைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். போனில் இதைத் தொடங்கினால் நீ "சரி அத்தா, சரி அத்தா" என்பாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கறி வெட்டிப் பழகிய கை, பேனா பிடிக்க முரண்டு பண்ணுகிறது. எழுத்து கோணலாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படி.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, சுப்ரா விரித்து எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உன் அம்மா நெய்ச்சோறும் கறிக்குழம்பும் தால்சாவும் ஆக்கியிருந்தாள். கறி நான் தேர்ந்தெடுத்து வெட்டிக் கொண்டுவந்தது. உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விலா எலும்பை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகவாய் முழுக்க நெய். திடீரென்று கடிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "நன்னா, அங்க போனா நான் கறி சாப்பிடுவேன்னு யாருக்கிட்டயும் சொல்லக்கூடாது. அத்தா சொன்னாங்க. அங்க நாங்க சைவம்." எல்லாரும் சிரித்தார்கள். நன்னா கடையில் வந்து நின்றுகொண்டு சைவம் என்று சொல்லு பார்ப்போம் என்று உன் அம்மா கேலி செய்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் ஹசீனாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பு நிறைய இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கை கழுவும் சாக்கில் நானும் பின்னால் போனேன். அவளைத் திட்டாதே. நான் கேட்டதால்தான் சொன்னாள். நீ ஆபீசில் நாலு வருஷமாக சைவமாம். பீர் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மாத்திரை சாப்பிடுகிறேன், குடிக்கக்கூடாது என்பாயாம். நோன்பு மாதம் வந்தால் வயிற்றுக்கு டாக்டர் பட்டினி போடச் சொன்னார் என்பாயாம். தொழ வேண்டுமென்றால் போன் பேசுகிறவன் மாதிரி வெளியே போய், காருக்குள் உட்கார்ந்தபடியே தொழுவாயாம். போன மாதம் சமீராவின் பள்ளிக்கூட விண்ணப்பப் பாரம் வந்ததும் சாப்பாட்டுக்கு நேரே சைவம் என்று எழுதி, மதத்துக்கு நேரே சொல்ல விரும்பவில்லை என்று குறித்துவிட்டாயாம். "அவருக்கு வேற வழி தெரியல மாமா. மொத வாரத்துல வாயில வந்தத சொல்லிட்டாரு. அப்புறம் மாத்த முடியல" என்றாள் உன் மனைவி. உன்னை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் நீ பொய்யைப் பங்கு வைத்திருக்கிறாய்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். முப்பத்தைந்து வருஷமாக இங்கே ஜொகூரில், உலு திராம் பாசாரில் ஆட்டுக்கறி விற்கிறேன். நீ படித்தது, ஹசீனாவைக் கட்டியது, அந்த ஊருக்கு விமானம் ஏறியது எல்லாம் அந்தக் கட்டையில் வெட்டிய கறியால்தான். ஆட்டுக்கறிக் கடைக்காரன் மகன் சைவமாம்! பாசாரில் சொன்னால் மீன்கடைச் சீனன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் உன் மேல் கொதித்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மா பேச வந்தாலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் போன வருஷம் உன்னைப் பார்க்க வந்தபோது நடந்தது ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. உன் மேலாளர் அம்மா நம்மைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்காக என்னவெல்லாமோ செய்து வைத்திருந்தார். பருப்பையும் கிழங்கையும் போட்டுச் சுட்டது ஒன்று. இரண்டு நாளாகத் தேடிக் கற்றுக்கொண்டு செய்ததாகச் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் ஆட்டுக்கறி சாப்பிடுவதில்லையோ என்று உன் காதில் கேட்டேன். "அது அவங்க வழக்கம் அத்தா" என்றாய். ரயிலில் வரும்போது மேடு முழுக்க ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ தேறும் என்று கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டு வந்தேன். அத்தனை ஆட்டையும் வைத்துக்கொண்டு பருப்பு சாப்பிடுகிறார்களே, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா என் பக்கம் குனிந்து, உங்கள் மகனுக்கு வயிறு இப்போது தேவலையா என்று அக்கறையாகக் கேட்டார். என் அரைகுறை இங்கிலீஷில், அவனுக்கு வயிற்றில் ஒன்றுமே இல்லை, கல்லைக் கொடுத்தாலும் செரிப்பான் என்றேன். நீ அவசரமாகக் குறுக்கே புகுந்து ஏதோ சொன்னாய். அவர் கணவர் நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டதும் கடை வைத்திருக்கிறார் என்று நீயே முந்திக்கொண்டு பதில் சொன்னாய். சுவரில் அந்த மனிதர் சின்ன வயதில் ஓர் ஆட்டுக்கடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் மாட்டியிருந்தது. அதைப் பற்றிக் கேட்க நான் எழுந்தபோது, வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். ஆட்டைப் பற்றி நானும் அவரும் ஒரு மணி நேரம் பேசியிருப்போம் காசிம். எனக்கு இங்கிலீஷ் போதாது. ஆனால் ஆட்டுக்கு அது போதும்.

நீ என்னை ஏமாற்றியதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த அம்மா இரண்டு நாள் பாடுபட்டது யாருக்காக? இல்லாத ஒருவனுக்காக. உன் வயிற்றுக்காக நாலு வருஷமாகக் கவலைப்படுகிறார், அதுவும் இல்லாத நோய்க்காக. நல்ல மனுஷியை நீ இப்படி அலைக்கழித்திருக்கிறாய். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை கடையைத் திறந்தேன். சொங்கோக் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தேன். ஒரு தமிழ்க் குடும்பம் வருவதைப் பார்த்ததும் என் கை தானாகவே அதைக் கழற்றி எடைத்தட்டுக்குப் பின்னால் வைத்தது. அப்படியே நின்றுவிட்டேன். உனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது யார் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. கோபம் முழுவதும் திரும்பி என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

உனக்குத் தெரியாதது இல்லை. கடை போட்ட புதிதில் எனக்கு ஒரே பயம். மலாய்க்காரர்கள் என்னை இந்தியன் என்று ஒதுக்குவார்களோ, தமிழர்கள் இவன் நம்ம ஆளில்லை என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டு நானே ஓர் ஏற்பாடு செய்தேன். மலாய்க்காரர் வந்தால் சொங்கோக், மலாய்ப் பேச்சு, தமிழ் வாயிலேயே வராது. தமிழர் வந்தால் சொங்கோக் மறைந்துவிடும், தொழுகை நோன்பு என்று ஒரு வார்த்தை வராது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது பேங்க்குக்குப் போய்விட்டு வருகிறேன் என்பேன். உனக்கும் பாடம் நடத்தினேன். கடையில் மலாய்க்காரர் நின்றால் என்னை "அபா" என்று கூப்பிட வேண்டும். தமிழர் நின்றால் "அப்பா". வீட்டுக்கு வந்தால்தான் அத்தா. அந்த வயதில் நீ ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை. என் மகன் எவ்வளவு சூட்டிகை என்று உன் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு நாளை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கதை சொல்லும் போட்டியில் முதலாவதாக வந்து, கையில் சின்னக் கோப்பையோடு பாசாருக்குள் ஓடி வந்தாய். தூரத்திலிருந்தே உன் வாய் திறந்திருந்தது. கடை முன்னால் வந்ததும் நின்றுவிட்டாய். ஒரு பக்கம் மலாய் வாத்தியார் ஒருவர் கறிக்கு நிற்கிறார், மறு பக்கம் சரசு அக்கா. எஸ்டேட்டிலிருந்து டவுனுக்கு வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தாரே, அதே சரசு அக்கா. நீ அவரைப் பார்த்தாய், இவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நானோ உன்னை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தேன். அபாவா, அப்பாவா என்று உனக்குத் தெரியவில்லை. கோப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வாடிக்கைக்காரர்கள் கூப்பிடுவது போலவே கூப்பிட்டாய்: "பாய், வீட்டுக்குப் போலாமா?" அவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பையனுக்குக் குறும்பைப் பார் என்றார் சரசு அக்கா. நானும் சிரித்துக்கொண்டே கறியை வெட்டினேன். உள்ளே எனக்குச் சுருக்கென்றது. அதை அப்படியே அமுக்கிவிட்டேன். கோப்பையை வீட்டுக்குப் போய்த்தான் காட்டினாய். அந்த வித்தையை அன்றைக்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அது என் குற்றம், மகனே. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

பேங்க் கதை எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது யுனிவர்சிட்டியில் இருந்தாய். ஜொகூரில் வார விடுமுறையை வெள்ளி, சனிக்கு மாற்றினார்களே, அந்த முதல் வெள்ளிக்கிழமை. பழக்க தோஷத்தில் கையைக் கழுவிக்கொண்டே, பேங்க் வரைக்கும் போய்வருகிறேன் என்று சரசு அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கு ஏது பாய் பேங்க்கு? இனிமே வெள்ளிக்கிழம லீவுலா. தொழுவப் போறேன்னு சொல்லிட்டுப் போங்களேன். நீங்க போற பேங்க்கு எதுன்னு இத்தன வருஷமா எங்களுக்குத் தெரியாதா?" என்றார். சொல்லிவிட்டு என் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போய்ட்டு வாங்க, கறியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொழுதுவிட்டுத் திரும்பி வந்தபோது கடை முன்னால் மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். பாய் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார், இருங்கள் என்று அவர் சொல்லி வைத்திருக்கிறார். ஒருவர்கூட அடுத்த கடைக்குப் போகவில்லை. அத்தனை வருஷமும் நான் யாரிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அன்றோடு பேங்க் போவதை விட்டேன். சொங்கோக்கை மாட்டிக் கழற்றும் வித்தையை மட்டும் விட முடியாமல் இருந்தது, அதுவும் போன வாரத்தோடு முடிந்தது.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். நீ இருப்பது இங்கே மாதிரி இல்லை என்பாய். எனக்குத் தெரியும். இங்கே பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே நீ ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். நீ வேலையில் சேர்ந்த அந்த முதல் வாரம் எங்கேயோ ஏதோ நடந்து, நம்ம பெயர் உள்ள ஒருவன் முகம் டிவியில் ஓடிக்கொண்டே இருந்ததாக ஹசீனா சொன்னாள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் உன்னிடம் திரும்பி, நீ என்ன சாப்பிட மாட்டாய் என்று கேட்டானாம். நீ தனியாக இருந்தாய், பயந்தாய், வாயில் வந்ததைச் சொன்னாய். அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு நிமிஷத்துப் பயம். அதை நாலு வருஷம் இழுத்துக்கொண்டு போனதற்குத்தான் குறை சொல்கிறேன். உன் பெயர் காசிம். அவர்கள் முட்டாள்கள் இல்லை. பாதிப் பேருக்கு உன் பேங்க் எதுவென்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஹலால் இல்லாத இடத்தில் காய்கறி சாப்பிடு, தாராளமாகச் சாப்பிடு. நான் முஸ்லிம், அதனால் இங்கே காய்கறி போதும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு. அவ்வளவுதான் நான் கேட்பது. கூட்டமாக வெளியே போகிறார்களா, கூடவே போ, ஜூஸ் வாங்கிக் குடி, சிரித்துப் பேசு, நீ குடிக்காததற்கு ஒரே ஒரு தடவை உண்மைக் காரணத்தைச் சொல், அடுத்தவன் கிளாஸைப் பார்த்து முகம் சுளிக்காதே. தொழ ஓர் இடம் வேண்டுமென்று வாய் திறந்து கேள். கொடுக்கிற நாடுதான் அது என்று நீயே என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். தொழப் போகிற நேரத்துக்குச் சரியாக வேலை பார்த்துக் கொடு, மார்க்கத்தைச் சொல்லி வேலையில் தப்பிக்கிறவனை எனக்குப் பிடிக்காது. உலகத்தில் எவனோ செய்ததற்கெல்லாம் உன்னிடம் பதில் கேட்டால், நான் அவனுக்கு ஜாமீன் இல்லை, எனக்கும் உங்களைப் போலத்தான் மனசு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார். முறைக்கிறவர்கள் எல்லாரும் விரோதி என்று நினைத்துக்கொள்ளாதே, சிலருக்குப் பிறவியிலேயே முகம் அப்படி. உண்மையிலேயே எவனாவது ஹசீனாவின் முக்காட்டைப் பார்த்து வாயை விட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு வராதே. புகார் எழுதிக் கொடு, சட்டம் உனக்கும் சேர்த்துத்தான். அதே சமயம் நம்ம ஆட்களோடு மட்டும் சுற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் இருக்காதே. அதுவும் ஒளிந்துகொள்வதில் ஒரு வகைதான். பெருநாளைக்கு முதல் தட்டு அவன் வீட்டுக்குப் போகட்டும்.

இதெல்லாம் அங்கே குடியிருந்து பார்த்து எழுதுகிறவன் இல்லை நான், பத்து நாள் வந்து போனவன். நான் சொல்வதில் சிலது அங்கே செல்லுபடியாகாமல் போகலாம். அதை நீ பார்த்துக்கொள். ஆனால் ஒன்றில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். சமீரா பள்ளிக்கூடம் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் நீயே நேரில் போய் அந்தப் பாரத்தைத் திருத்த வேண்டும். என் மகள் முஸ்லிம், ஹலால் இல்லையென்றால் காய்கறி கொடுங்கள், வீட்டில் அவள் நன்றாகக் கறி சாப்பிடுவாள் என்று சொல். பிறகு உன் மேலாளர் அம்மாவிடம் போய் உனக்கு வயிற்றில் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள். அவர் கோபப்படலாம், படட்டும், நியாயம்தான். அப்புறம் அவரையும் அவர் கணவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஹசீனாவை நெய்ச்சோறும் கறியும் ஆக்கச் சொல். என் அத்தா முப்பத்தைந்து வருஷமாக ஆட்டுக்கறி விற்கிறார் என்று அந்த மனிதரிடம் சொல். சுவரில் இருக்கும் கடா என்ன ஜாதி என்று கேட்டு எனக்கு எழுது. நான் கெஞ்சவில்லை, காசிம். உன் பயத்தை என் பேத்திக்குக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை என்று சொல்கிறேன். என் பயத்தை உனக்குக் கொடுக்க எனக்கும் உரிமை இருந்ததில்லை.

உன்னைச் செய்யச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. நேற்று கடையில் ஒரு பலகை மாட்டினேன். மேலே தமிழிலும் கீழே மலாயிலும் என் முழுப் பெயர், அதன் கீழே வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடை அடைக்கும் நேரம். சொங்கோக் இப்போது காலையிலிருந்து கடை அடைக்கும் வரை தலையிலேயே இருக்கிறது. மலாய் வாத்தியார் கறிக்கு நிற்கும்போதே உன் அம்மாவிடம் தமிழில் சத்தமாகப் போன் பேசினேன். அவர் கறியை வாங்கிக்கொண்டு, உன் மகன் நலமா என்று கேட்டுவிட்டுப் போனார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

முதல் நாள் பள்ளிக்கூடம் விடும்போது நீயே போய் நில், ஹசீனாவை அனுப்பாதே. வாசலில் எல்லா ஊர்க்காரர்களும் நிற்பார்கள், உன் ஆபீஸ்காரர்கள்கூட இருக்கலாம். சமீரா கையில் ஏதாவது ஒரு படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு, "அத்தா" என்று கத்திக்கொண்டே ஓடி வருவாள். அப்போது உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு நான் திரும்பிப் பார்த்தேன், என் மகன் கோப்பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்னை பாய் என்று கூப்பிட்டான்.

அத்தா